பூவரசு எழுத்துருவைத் தேடி வேங்கிக்கால் வரை

திருவண்ணாமலைக்குப் பெரும்பாலும் மலையைச் சுற்றத்தான் போவார்கள். போன மாதம் நான் போனது ஓர் எழுத்துருவுக்காக, கணினியில் போடுகிற ஃபாண்ட்டுக்காக. என்னைப் போல வரைகலை வடிவமைப்பு செய்து பிழைப்பவர்களுக்கு இந்தப் பதிவு உதவலாம்.

சென்னையில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மசாலா பாக்கெட், சின்னப் பதிப்பகங்களின் புத்தக அட்டை, இவைதான் வருமானம். விலை கொடுத்து எழுத்துரு வாங்கக் கட்டுப்படியாகாது. அதனால் படம், சின்னம், எழுத்து எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை. அவற்றில் பல வருடங்களாக நான் விடாமல் பயன்படுத்துவது 'பூவரசு' என்ற தமிழ் எழுத்துரு. தடித்த எழுத்துதான், ஆனாலும் 'ண'வின் சுழிகள் ஒன்றோடொன்று அடைத்துக்கொள்ளாது. எவ்வளவு சிறிதாக்கினாலும் படிக்கலாம். தரவிறக்கும் பக்கத்தில் செய்தவர் பெயர் இருக்காது. 'யாரும் எதற்கும் பயன்படுத்தலாம். வேங்கிக்கால், திருவண்ணாமலை' என்ற ஒரு வரியும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் மட்டும்தான்.

ஒரு நாள் அந்தப் பக்கம் திறக்கவில்லை. முன்பே குறித்து வைத்திருந்த அந்த மின்னஞ்சலுக்குக் கேட்டு எழுதினேன். பதில் கலைச்செல்வி என்பவரிடமிருந்து வந்தது. எழுத்துருவைச் செய்த தனசேகர் தன் கணவர், மாரடைப்பில் இறந்து ஐந்து மாதமாகிறது, இப்படி நிறையப் பேர் எழுதுகிறார்கள், என்ன பதில் போடுவது என்று தெரியவில்லை என்று எழுதியிருந்தார். நேரில் வரட்டுமா என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்.

கிளாம்பாக்கத்தில் காலையில் பேருந்து ஏறினேன். திண்டிவனம், செஞ்சி வழி. ஏறக்குறைய நூற்று அறுபது கிலோமீட்டர், நான்கு மணி நேரத்துக்குமேல் ஆனது. கட்டணம் இருநூறு ரூபாய்க்குள். இறங்கியதும் வேங்கிக்காலுக்கு ஆட்டோ நூற்றைம்பது. பௌர்ணமியாக இருந்தால் ரேட்டு ஜாஸ்தி, இன்னைக்குக் கம்மிதான் என்று ஓட்டுநர் சமாதானம் சொன்னார்.

கலெக்டர் அலுவலகத்துக்குப் பின்னால் புதிதாக வந்த தெருக்களில் ஒன்றில் வீடு. கலைச்செல்வி ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்க்கிறார். மகள் வேலூரில் கல்லூரி இரண்டாம் வருடம். தனசேகர் ஓர் எஞ்சினியரிடம் வீட்டு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். கூடத்து மூலையில் அவருடைய கணினி துணி போர்த்தியிருந்தது.

காபி கொடுத்துவிட்டு அவர் நேராகவே கேட்டார், இதை விற்க முடியுமா என்று. மைத்துனர் விற்றுவிடச் சொல்கிறாராம். கணினியைத் திறந்து பார்த்தேன். பூவரசின் மெல்லிய வடிவம் ஒன்றைப் பாதிவரை செய்து வைத்திருந்தார். ஏற்கெனவே இலவசமாகக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது, ஆனால் இந்தப் புதியதை முடித்தால் வாங்க ஆளிருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன்.

அவர் திரையைக் கைகாட்டினார்.

"ஆபீஸ் விட்டு வந்தா இது முன்னாடிதான் உக்காருவாரு. பாத்தாலே எனக்குக் கோவம் வரும். காசுக்குச் செஞ்சாருன்னாலும் பரவால்ல. யாருக்கோ செய்றேன்னு சொல்வாரு. யாருங்க அவங்க எல்லாம்?"

கடைத்தெருவரை வருவீர்களா என்று கேட்டேன். முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

ஆட்டோவில் போகும்போது ஒரு மருந்துக்கடைப் பலகையைக் காட்டினேன். பிறகு ஒரு பள்ளி விளம்பரம், ஒரு டிபன் கடை. முதலில் அவர் நம்பவில்லை. 'ண'வின் சுழிகளைப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் அவரே கேட்க ஆரம்பித்தார், அதுவா, இதுவா என்று. சிலது வேறு. பலது அதுதான். அவர் தினமும் வேலைக்குப் போகிற வழி. ஒரு காதுகுத்து பேனரைத் தாண்டியபோது ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் அதைக் கையால் தொட்டுப் பார்த்தார்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஃபிளெக்ஸ் கடைக்குப் போனோம். உரிமையாளர் தெலுங்கு பேனர் ஒன்றை அச்சு மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார். பூவரசைப் பற்றிக் கேட்டதும் கடையில் பாதி வேலை அதில்தான் நடக்கிறது, ஏதோ சென்னை கம்பெனி போட்டது என்றார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அதில்தானா என்று கலைச்செல்வி கேட்டார். அதற்குத்தான் ஜாஸ்தி என்றார் அவர்.

கலைச்செல்வி கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்து நீட்டினார். அவர்கள் தெருச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டர். நடுவில் தனசேகரின் முகம்.

"இது நீங்க அடிச்சதுங்களா?"

"எங்களுதுதாங்க. இதுகூட அதே எழுத்துதான்."

"இதைச் செஞ்சது இவருதாங்க."

அவருக்கு உடனே புரியவில்லை. நான் விளக்கினேன். மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். "இவரு பேரை நான்தாங்க டைப் பண்ணேன்" என்றார். உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்து அவரிடம் தள்ளினார். கலைச்செல்வி அங்கே உட்கார்ந்து அழுதார். நான் வாசலில் போய் நின்றேன்.

வீடு திரும்பியதும், ஆண்டுக் கட்டணம் கட்டாமல் நின்றுபோயிருந்த இணையதளத்தைப் புதுப்பிக்க உட்கார்ந்தோம். ஓடிபி தனசேகரின் எண்ணுக்குத்தான் வரும். அது உயிரோடு இருக்குமா என்று தயங்கினேன். பூஜை அலமாரியிலிருந்து கலைச்செல்வி அந்தப் போனை எடுத்து வந்தார். நிறுத்த மனசு வரவில்லை, மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறாராம். பக்கம் மறுபடி திறந்தது.

புதியதை என்ன செய்வது என்று கேட்டேன்.

"பாதியில நிக்கறதை நான் விக்கலைங்க. யாருக்காவது முடிக்கத் தெரிஞ்சா முடிக்கட்டும். பொண்ணு ஃபீஸுக்கு நான் வேலைக்குப் போறேன். அவரு பேரை மட்டும் போட்டுடுங்க."

விற்கிறேன் என்று சொல்லியிருந்தாலும் நான் தப்பு சொல்லியிருக்க மாட்டேன்.

சாயங்காலப் பேருந்துக்கு நேரமிருந்தது. வழக்கமாக ஒரு ஊருக்குப் போனால் பலகை, கோலம், சுவர் விளம்பரம் என்று படமெடுத்துத் தள்ளுவேன். அன்று ஒன்றுகூட எடுக்கவில்லை. வடிவமைப்பாளர்கள் போனால் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நடந்து பாருங்கள். தமிழும் தெலுங்கும் ஒரே பலகையில் எப்படி இடம் பிரித்துக்கொள்கின்றன என்பதை அங்கேபோல் பார்ப்பது அரிது. ரமணாசிரமம் பக்கம் செங்கம் சாலையில் காபிக்கடைகளின் கையால் எழுதிய பலகைகளும் உண்டு. பௌர்ணமியைத் தவிருங்கள்.

இலவசமாக எதையும் இறக்கும்போது உரிமக் கோப்பைச் சேர்த்துச் சேமித்து வையுங்கள். வணிகத்துக்கு அனுமதி உண்டா என்று படியுங்கள். பக்கம் நாளைக்கு இருக்கும் என்று நம்பி இணைப்பை மட்டும் குறித்து வைக்காதீர்கள். புத்தகமோ அட்டையோ செய்தால் எழுத்துருவின் பெயரை ஓர் ஓரத்தில் போடுங்கள். செய்தவருக்கு, அவர் படிக்க முடிகிற காலத்தில், ஒரு வரி எழுதுங்கள்.

போன வாரம் புதுக்கோட்டையிலிருந்து ஒரு மாணவி, பூவரசைத் தன் கல்லூரி மலருக்குப் பயன்படுத்தலாமா என்று தனசேகருக்கு எழுதியிருக்கிறாள். கலைச்செல்வி அனுப்பிய பதிலின் நகல் எனக்கும் வந்தது:

'அவர் இப்போது இல்லை. எழுத்து இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். அச்சானதும் ஒரு பிரதி அனுப்பினால் பார்ப்பேன்.'