புது முட்டியும் மாமன் மடியும்

என் வலது முட்டியை மாற்றி ஏழு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, தங்கை மகளுக்குக் காதுகுத்து வைத்திருந்தார்கள். மதுரைக்கு மேற்கே தங்கை வாக்கப்பட்டுப் போன ஊர், அவர்களுடைய குலசாமி கோயில். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், பார்க்காத வைத்தியமெல்லாம் பார்த்துப் பிறந்த பிள்ளை. எங்கள் பக்கம் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். தங்கைக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான். அதனால் போவதா வேண்டாமா என்ற கேள்வியே எனக்கு எழவில்லை. எப்படிப் போவது என்பது மட்டும்தான் கேள்வி.

நான் கபடியால் பிழைத்தவன். ஊர் அணியில் ஆடி, மாவட்டத்துக்கு ஆடி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை வாங்கிச் சென்னைக்கு வந்தவன். வேலையைக் கொடுத்த கபடி கொஞ்சம் கொஞ்சமாக முட்டியை வாங்கிக்கொண்டது. ஐம்பத்தெட்டு வயதில் அதைக் கழற்றிவிட்டுப் புதிது பொருத்தினார்கள். நான் ஒன்றும் கலங்கிப்போகவில்லை. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடந்தேன். பயிற்சி சொல்லிக்கொடுக்க வீட்டுக்கு வந்த பெண் பத்து முறை காலை மடக்கச் சொன்னால் பதினைந்து முறை மடக்கினேன். "கப்பு எதுவும் தாராகளா?" என்று என் மனைவி கேட்டாள். மருத்துவர் ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லியிருந்தார். குத்தவைத்து உட்காரக் கூடாது, சம்மணம் போடக் கூடாது. எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன். இனிமேல் எப்போதுமே என்றார்.

அந்த வாரமே தங்கை போன் செய்தாள்.

"அண்ணே, எங்க சாமி முன்னாடி சேர் போட விடமாட்டாகண்ணே. கலெக்டரே வந்தாலும் தரையிலதான் உக்காரணும். ஒனக்குக் கால் எப்படி இருக்கு? வேணும்னா ஆறு மாசம் தள்ளி வப்போமா?"

அவள் குரலில் தள்ளிவைக்கும் ஆசை துளியும் இல்லை. பன்னிரண்டு வருடம் தள்ளிப்போனது அவளுக்குப் போதும்.

"அதெல்லாம் தள்ளாத. சம்மணம் போட்டே உக்காருவேன்" என்றேன்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் மேல் சம்மணம் போட்டுப் பார்த்தேன். கால் பாதி வழியில் நின்றுவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம். சரி, காலை ஒருபக்கமாக நீட்டி, மேலே துண்டைப் போட்டு மறைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். சாமிக்கு நேராகக் காலை நீட்டக் கூடாது என்பதை அப்போது வசதியாக மறந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் சித்தப்பா மகன் வேறு. ஊரில் கொத்தனார் வேலை பார்க்கிறவன். கபடி ஆடிய காலத்தில் எனக்கு இடதுபக்கம் என் கையைக் கோத்துக்கொண்டு நின்றவன். தங்கைக்கு அவனும் அண்ணன் முறை, பிள்ளைக்கு அவனும் மாமன் முறை. அவன் இரண்டு நாளைக்கு ஒருமுறை போன் செய்ய ஆரம்பித்தான்.

"ஒனக்கு முடியலன்னா சொல்லிருண்ணே, மறைக்காத."

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

"வீட்டுல எதுலண்ணே உக்காருவ? எம்புட்டு ஒசரம் இருந்தா ஒனக்குத் தோது?"

"தரைதான்டா எனக்குத் தோது" என்று சொல்லி வைத்துவிட்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கால் எவ்வளவு மடங்குகிறது என்று நோட்டம் பார்க்கிறான். மடி காலியானால் உட்கார ஆள் தயாராக இருக்கிறது. மாமன் மாலையும் போட்டோவும் அவனுக்குப் போய்விடும். அதை நான் விடுவதாக இல்லை.

முப்பது வருடத்துக்கு மேல் பாஸில் ரயிலேறியவன் நான். ஆனால் ரயில் பெட்டியின் செங்குத்துப் படியும், ராத்திரி முழுக்க ஒரே மாதிரி படுத்துக் கிடப்பதும் இந்தக் காலுக்கு ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விமானம் என்றால் ஒன்றரை மணி நேரத்துக்குள். ஓரச் சீட்டு எடுங்கள், வலது கால் நடைபாதைப் பக்கம் வரட்டும், உட்கார்ந்த இடத்திலேயே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருங்கள், நடுவில் ஒருமுறை எழுந்து நடங்கள், ரத்தம் உறையாமல் இருக்க நீளக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றார். ரயில்வேக்காரன் விமானத்தில் போவதைப் பார்த்து அலுவலகத்தில் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் அதுதான் முதல் விமானம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

விமான நிலைய வாசலில் ஒருவர் சக்கர நாற்காலியோடு நின்று என் பெயரைக் கேட்டார். மனைவி எனக்குத் தெரியாமல் சொல்லி வைத்திருக்கிறாள். "நடந்தே வாரேன்" என்று சொல்லி, கைப்பையையும் மாமன் சீர்ப் பட்டுப்பாவாடை இருந்த பையையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கைத்தடியோடு பக்கத்தில் நடந்தேன். நாற்காலி தள்ளியவர் பைகளை மிகுந்த மரியாதையோடு தள்ளிக்கொண்டு வந்தார்.

சோதனை செய்யும் இடத்தில் முட்டி கத்தும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். அதற்காக நான் தேர்வுக்குப் போகிறவன் மாதிரி தயாராகியிருந்தேன். மருத்துவர் கடிதம், எக்ஸ்ரே படம், தையல் தழும்பைக் காட்ட வசதியாக லூஸ் பேன்ட். சின்னப் பலகை மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். நல்ல காலை முதலில் வைத்து ஏறினேன். காவலர் கருவியைக் கொண்டுவந்தார், முட்டியில் கத்தியது. "ஆபரேஷன், ரீப்ளேஸ்மென்ட்" என்று எக்ஸ்ரே உறையைத் தூக்கினேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டார். உறையைத் திறக்கக்கூட இல்லை. தினமும் பத்து முட்டி பார்க்கிறவர் போலிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அப்புறம் இடுப்பில் கத்தியது.

இடுப்பில் எதையும் மாற்றவில்லையே என்று நான் விழித்தேன். பெல்ட் இல்லை, சாவி இல்லை. அவர் மறுபடி கருவியைக் கொண்டுபோனார், மறுபடி கத்தியது. இடுப்பைச் சுற்றிலும் கத்தியது. முகம் மாறி, இன்னொருவரைக் கூப்பிட்டார். மறைப்புக்குப் பின்னால் அழைத்துப் போய்ச் சட்டையைத் தூக்கச் சொன்னார்கள். வெள்ளி அரைஞாண். கல்யாணத்தில் மாமனார் வீட்டில் போட்டது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் கழற்றியதை, வீட்டுக்கு வந்ததும் வெறும் இடுப்பாக இருக்கக் கூடாது என்று மனைவி திரும்ப மாட்டிவிட்டிருந்தாள். முப்பது வருடமாக உடம்போடு கிடப்பது, அது ஒரு பொருள் என்பதே எனக்கு நினைவில்லை. எங்கள் ஊரில் ஆம்பளை என்றால் இடுப்பில் ஏதாவது கட்டியிருப்பான் என்று எனக்குத் தெரிந்த ரயில்வே இந்தியில் விளக்கினேன். இளைய காவலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முட்டிக்குக் கடிதம் வாங்கியவன் அரைஞாணுக்கும் ஒன்று வாங்கியிருக்கலாம் என்று வெளியே வந்ததும் மனைவி சொன்னாள்.

அங்கிருந்து விமானம் ஏறும் வாசல் நான் நினைத்ததைவிட ரொம்ப தூரம். பாதி வழியில் முட்டி கனத்துச் சூடாகிவிட்டது. நின்றேன். நாற்காலிக்காரர் பைகளை எடுத்துவிட்டு நாற்காலியை என் பக்கம் திருப்பினார். உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு வலித்துக்கொண்டிருந்தது என்று தெரிந்தது.

சின்ன விமானம். ஆறேழு படி. தூக்கி ஏற்றிவிட வண்டி வருகிறது, காத்திருங்கள் என்றார்கள். வேண்டாம், படி நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மேலே ஏற நல்ல கால், கீழே இறங்கப் புதுக் கால். பயிற்சிப் பெண் சொல்லிக்கொடுத்த பாடம். ஒவ்வொரு படியாக ஏறினேன். எனக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமையாகத்தான் நின்றார்கள். மேலே போய்த் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் கண்ணில் பெருமை இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

பறந்த நேரம் முழுக்கப் பாதத்தை ஆட்டிக்கொண்டே இருந்தேன். பெல்ட் விளக்கு அணைந்ததும் எழுந்து கடைசிச் சீட்டு வரை நடந்து வந்தேன். பணிப்பெண் "எதுவும் வேணுமா சார்?" என்றாள். "நடக்கணும், அவ்வளவுதான்" என்றேன். மனைவி பக்கத்து ஜன்னல் வழியாகக் கீழே வைகை தெரிந்தது. தண்ணீர் இல்லை, மணலும் புதரும்தான். அப்புறம் யானைமலை, கண்மாய்கள், கட்டம் கட்டமாக வயல். ரயிலில் எத்தனையோ தடவை வந்திருக்கிறேன், ஊர் இவ்வளவு விரிந்து கிடக்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். இறங்கும்போது புதுக் கால் முதலில். மதுரை மண்ணில் முதலில் பட்டது அதுதான்.

வெளியே சித்தப்பா மகன் காரோடு நின்றான். முன் சீட்டை முடிந்தமட்டும் பின்னால் தள்ளி வைத்திருந்தான். வில்லாபுரம் தாண்டியதும் டீக்கடையில் நிறுத்தினான். நான் பெஞ்சில் உட்கார்வதையே உற்றுப் பார்த்தான்.

"பெஞ்சு தாழ்வா இருக்கோண்ணே?"

"எனக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கு. நீ டீயக் குடி."

எழுந்திருக்கும்போது பெஞ்சைப் பிடித்துத்தான் எழ முடிந்தது. அதையும் பார்த்தான். நாளைக்கு இவனை அந்தப் பக்கமே அண்டவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கோயிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார்கள். எல்லைக் கல்லுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே ஒன்றுகூட இல்லை. எனக்கு மாலை போட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளில் துண்டோடு, எந்தப் பக்கம் காலை நீட்டலாம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே போனேன். சாமிக்கு நேர் எதிரேதான் ஆசாரி ஊசியும் தங்கக் கம்பியுமாக நின்றார். காலை எந்தப் பக்கம் நீட்டினாலும் யார் மேலாவது இடிக்கும், இல்லையென்றால் சாமிக்கு நேராகப் போகும். எனக்கு வேர்த்துவிட்டது. உட்கார முடியாது என்று அத்தனை சனத்துக்கு முன்னால் சொல்லப்போகிறேன் என்று தெரிந்தது.

தங்கை என் முழங்கையைப் பிடித்தாள். "இங்கிட்டு உக்காருண்ணே."

ஆசாரிக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சிமெண்டு மேடை இருந்தது. பொங்கல் பானை வைக்கக் கட்டியது என்று நினைத்திருந்தேன். நனைத்துப் போட்டிருந்த சாக்கை அப்போதுதான் எடுத்திருந்தார்கள், இன்னும் ஈரமாக இருந்தது.

"இதுலயா? சாமி முன்னாடி உக்காரலாமா?"

"சாமிகிட்ட பூக்கட்டிக் கேட்டோம்ல. வெள்ளப்பூ வந்துச்சு, சாமி சரின்னுருச்சு. அதுக்கப்பறந்தான் சின்னண்ணே கட்டுச்சு. நீ சம்மணம் போடுவேன்னு சொன்னியே, அன்னைக்கே அண்ணிக்குப் போன் போட்டுட்டேன்."

மனைவியைப் பார்த்தேன். அவள் பிள்ளையின் பாவாடையைச் சரிசெய்வதில் மும்முரமாக இருந்தாள். வீட்டில் நான் உட்காரும் நாற்காலியை அளந்து சொன்னது அவள்தான். உட்கார்ந்தேன். பாதம் தரையில் சரியாகப் பதிந்தது. முட்டி எந்த அளவுக்கு மடங்குமோ அந்த அளவுக்குத்தான் மடங்கியது, ஒரு விரற்கடைகூட அதிகமில்லை. விளிம்பு காலில் உறுத்தாதபடி சித்தப்பா மகன் வழித்துவிட்டிருந்தான். அவன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, நான் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு, பந்திக்கு இலை எடுக்கப் போகிறவன் போலத் திரும்பினான். இத்தனை வாரமாக அவனைப் பற்றி நான் நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

பிள்ளையை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி முதல் காதைக் குத்தினார். வீறிட்டுக் கத்திக்கொண்டு புது முட்டியிலேயே ஓங்கி ஓர் உதை விட்டாள். பன்னிரண்டு வருடம் காத்திருந்து வாங்கிய உதை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆசாரி அடுத்த காதுக்கு வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினேன்.

"டேய், இங்க வா. அடுத்த காது ஒன் மடியில."

அவன் நகரவில்லை. "வேணாண்ணே. நீ கூடப்பொறந்தவன்."

"காது ரெண்டு இருக்குல்ல. வாடா."

அவன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். மேடையில் இருவர் உட்கார இடமில்லை, ஒருவருக்குத்தான் அளந்து கட்டியிருந்தான். எனக்கு இடதுபக்கம், தரையில், கையை ஊன்றாமல் ஒரே மூச்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அந்தச் சம்மணத்தைப் பார்த்ததும் எனக்குப் பொறாமை பொங்கியது. அப்படி உட்காரவே முடியாது இனி என்பது அந்த நொடியில்தான் முழுதாக உறைத்தது. குனிந்து பிள்ளையை அவன் மடியில் வைத்தேன். அவன் ஒரு கையால் அவளை அணைத்துக்கொண்டு, இன்னொரு கையை மேலே நீட்டினான். நான் கோத்துக்கொண்டேன்.

ஆசாரி குனிந்தார். பிள்ளை கத்தியது. நாங்கள் இருவரும் பிடியை விடவில்லை.