சென்சாருக்கு வைத்த பொட்டு

மெயின்டனன்ஸ்காரனையும் கடவுளையும் எல்லாம் ஒழுங்காக ஓடும்போது யாரும் நினைப்பதில்லை. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா? ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் நானும் அப்படித்தான் காலம் தள்ளுகிறேன்.

செய்தவர் போய்விட்டார்

படிக்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர்கள் சிலரைப் படித்த சூட்டோடு, கேன்டீனில், தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ்ஸின் ஆபரேட்டர் வெங்கடேசப்பாவிடம் ஆரம்பித்தேன். கடவுள் உலகத்தை ஓர் இயந்திரம் போலச் செய்து ஓடவிட்டு ஒதுங்கிக்கொண்டார், அப்புறம் இயற்கை விதிகளே போதும், வேண்டுதலும் அற்புதமும் வீண் என்பது அவர்கள் கட்சி என்றேன். உத்தனப்பள்ளிக்காரரான அவர் டப்பாவிலிருந்த களியை உருட்டிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

"நம்ம பிரஸ்ஸைச் செஞ்சவரும் அப்படித்தான் சார், ஓடவிட்டுட்டுப் போயிட்டாரு. அன்னியிலிருந்து நீங்கதானே லோல்படுறீங்க?"

சாமி குத்தம்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தால் அந்த பிரஸ் அசைய மறுத்தது. நான் பூஜைக்கு வராமல் ஆபீசிலேயே உட்கார்ந்திருந்ததால் சாமி குத்தம் என்று தொழிற்கூடம் முழுக்கப் பேச்சு. லோடு வண்டி வாசலில் நிற்கிறது, சேஃப்டி சென்சாரைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள் என்றார் மேனேஜர். கை உள்ளே போனால் பிரஸ்ஸை நிறுத்துவதே அந்த சென்சார்தான். காரணம் தெரியாமல் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தேன்.

காரணமும் கிடைத்தது. சென்சாரின் கண்ணாடி மேல் தடிமனாகச் சந்தனம், நடுவில் குங்குமம். அதையும் யாரோ விட்ட கை என்றே எண்ணி பிரஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தது சென்சார். துடைத்ததும் பிரஸ் ஓடியது. குத்தமும் இல்லை, அற்புதமும் இல்லை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். பொட்டு வைத்த வெங்கடேசப்பா தலையைச் சொறிந்தார்.

"பூஜையில கூட நின்னு, இங்க வைக்காதப்பான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். நீங்களும் ஒதுங்கிட்டீங்களே."

இதுக்குப் பேரு

அதே வாரம், அச்சில் சிக்கிய துண்டை எடுக்க வெங்கடேசப்பா கையை உள்ளே விட்டார். கால் பெடலை அழுத்திவிட்டது. இறங்கிய பிரஸ் பாதியில் நின்றது. அவர் முகம் வெளிறிப்போனது. மேனேஜர் பேச்சை அன்று கேட்டிருந்தால் அந்தக் கை இருந்திருக்காது. முனீஸ்வரன் காப்பாற்றினார் என்றார் வெங்கடேசப்பா. சென்சார் என்று திருத்த வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

மறுநாளிலிருந்து ஷிப்ட் தொடங்குமுன் அந்தக் கண்ணாடியை நானே துடைக்கிறேன். சுத்தமான துணி, சென்சாரின் பச்சை விளக்கு எரியும்வரை அசையாமல் நிற்பது, நடுவில் யாரும் பேசக்கூடாது. சில நாள் பார்த்துவிட்டு வெங்கடேசப்பா சொன்னார்:

"எங்க ஊர்ல இதைத்தான் சார் பூஜைன்னு சொல்றோம்."

உலகத்தைச் செய்தவர் ஒதுங்கினாரா இல்லையா என்பதை அறிஞர்கள் முடிவு செய்யட்டும். நான் ஒதுங்குவதாக இல்லை.