தரையில் விழாத கல்பாக்

எங்கள் நாரின் நகரத்துச் சந்தையில் போன் உறை விற்கிற புருலுக்குக் கடை என்று சொல்ல ஒரு மேசையும் ஒரு குடையும்தான். ஆனால் 'தாஷ் ஜோல்' இசைக்குழுவுக்காக அவள் நடத்துகிற ரசிகர் பக்கத்தில் எங்கள் வட்டாரத்துப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிப் பேர் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பட்டமளிப்புப் படத்தை என் அம்மா ஊர் முழுக்கக் காட்டினாள். அதை இணையத்தில் போட்டபோது விழுந்ததைவிட, புருல் போடுகிற வெறும் காலை வணக்கத்துக்கு அதிகமாக லைக் விழும்.

குழுவின் பாடகன் மிர்லான், அவளைவிட இளையவன். புதுப் பாட்டு கட்டினால் முதலில் அந்த ரசிகர் பக்கத்துக்கு வந்துதான் இரண்டு வரி பாடிக் காட்டுவான். பிடிக்காவிட்டால் பிள்ளைகள் "ஆடு கத்துது" என்று எழுதுவார்கள். அவனும் மாற்றுவான். அதனால் அந்தப் பாட்டெல்லாம் தங்களுடையவை என்று நினைத்தார்கள். நினைத்ததில் தப்பே இல்லை.

இந்த வசந்தத்தில் எங்கள் மைதானத்தில் பாட வந்தவன், கடைசிப் பாட்டின் வேகத்தில் தலையிலிருந்த கல்பாக்கைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசிவிட்டான். வெளிநாட்டுக்காரர்கள் சட்டையை வீசுவதுபோல! எங்கள் ஆண்கள் தங்கள் மானமாகவே மதிக்கிற அந்த வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தரையில் வைக்கக்கூட எங்களுக்குக் கை வராது.

பறந்து வந்ததைப் புருல் எகிறிப் பிடித்தாள். ஊரெங்கும் சுற்றிய வீடியோவோ அவன் வீசியதோடு முடிந்துவிட்டது. மானங்கெட்டவன் என்று திட்டித் தீர்த்தார்கள். அடுத்தடுத்த ஊர்கள் மேடை கிடையாது என்று கைவிரித்தன. இப்படியே போனால் குழு கலைந்துவிடும் என்ற நிலை.

மேலாளர் ருஸ்தம் புருலுக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, மன்னிப்பு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன். உன் பக்கத்துல போட்டுடு. தொப்பிய கூரியர்ல அனுப்பிடு."

"கூரியர்லயா? என்னண்ணே, மிச்சம் மீதி துணியா அது?"

"அடம் பிடிச்சேன்னா நாங்களே புதுப் பக்கம் தொடங்கிடுவோம். உன்னுது போலின்னு அறிவிச்சிடுவோம்."

"தாராளமா தொடங்குங்க. பாட்டு நல்லால்லன்னு முகத்துக்கு நேரா சொல்ல அங்க யாரு வருவா?"

போனை வைத்த கையோடு சந்தையிலேயே லைவ் போட்டாள். கல்பாக்கை இரண்டு கையிலும் ஏந்தியிருந்தாள்.

"இது தரையில விழல. நான் பிடிச்சேன். அதுக்காக மிர்லான் செஞ்சது சரின்னு சொல்ல மாட்டேன். டேய் மிர்லான், நீ பண்ணது தப்புடா. அடுத்தவன் எழுதிக் குடுக்கிற மன்னிப்பு எங்களுக்கு எதுக்கு? நீயே வந்து ரெண்டு கையால வாங்கிக்கோ. அதுவரைக்கும் இது என்கிட்டதான் இருக்கும்."

'ஆம்பளத் தொப்பியில ஒரு பொண்ணு கை வைக்கலாமா?' என்று ஒருவர் எழுதினார். புருல் அதை உரக்க வாசித்தாள்.

"நான் கை வைக்கலன்னா அது சேத்துல கிடந்திருக்கும், பெரியப்பா. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

அந்த வார இறுதியில் மிர்லான் வாடகைக் காரில் வந்து இறங்கினான். கூடவே ருஸ்தம், கேமராவோடு ஒரு ஆள். சந்தை முழுக்கப் பிள்ளைகள்.

"நம்ம ஆளு எடுக்கட்டும். புதுப் பக்கத்துக்கு வேணும்," என்றார் ருஸ்தம்.

புருல் கல்பாக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். "எங்க பக்கத்துல மட்டும்தான் வரும். சம்மதம்னா குடுக்கிறேன்."

மிர்லான் கேமராக்காரனைப் பார்த்துத் தலையசைத்தான். அந்த ஆள் கேமராவை இறக்கினான். ஒரு மாணவி புருலின் போனை வாங்கிப் படமெடுக்க, மிர்லான் தலைகுனிந்து இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொண்டான்.

"தப்புதான்க்கா. வீசும்போது புத்தி வேலை செய்யல. இன்னும் கோவமா?"

"கோவம்தான். புதுப் பாட்டு கட்டியிருக்கியாமே?"

"இருக்கு. வெளியிடுற வரைக்கும் யாருக்கும் காட்டக் கூடாதுன்னு அண்ணன் சொல்லியிருக்காரு."

"காட்டு. இப்பவே."

ருஸ்தம் தலையில் கைவைத்துக்கொண்டார். மிர்லான் கல்பாக்கைத் தலையில் இறுக்கி வைத்துக்கொண்டு, மைக் இல்லாமல் பாடத் தொடங்கினான்.