பலகை மேல் நிற்கிறவன்

பெற்றவர்கள் வைத்த பெயரை அவனுடைய அடையாள அட்டையில்தான் பார்க்கலாம். மற்றபடி எல்லோருக்கும் அவன் பம்பரம். லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட உட்கார்ந்தால் மூன்று தடவை எழுந்திருப்பான். பல் துலக்கிக்கொண்டே வீட்டை இரண்டு சுற்று வருவான். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன், வேறென்ன சொல்ல?

அப்பேர்ப்பட்டவனையும் ஒரு வீடியோ கேம் சோபாவில் உட்கார வைத்தது. மகளுக்கென்று வாங்கியது. அவள் நாலே நாளில் சலித்துப்போய்ப் படம் வரையப் போய்விட்டாள். அப்பனும் அம்மாவும் மாட்டிக்கொண்டார்கள். திரையில் இரண்டு குட்டி உருவங்கள். ஒன்று தரைப்பலகையை மிதித்து நின்றால்தான் கதவு திறந்திருக்கும், மற்றது தாண்டலாம். தாண்டியது அந்தப் பக்கம் ஒரு விசையை இழுத்தால்தான் நின்றதற்கு வழி. எப்பேர்ப்பட்ட சூரனாக இருந்தாலும் தனியாக ஒரு படி ஏற முடியாது. செத்தாலும் அடுத்த நொடி இருவரும் அதே இடத்தில் முளைப்பார்கள். யார் தப்பு என்று சண்டை தொடங்குவதற்குள் சிரிப்பு வந்துவிடும். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் இருவரும் சேர்ந்து இவ்வளவு சிரித்ததே இல்லை.

இந்த வாரம் அந்தச் சிரிப்பைக் காணோம். ரத்த வங்கியில் வேலை பார்க்கும் மனைவிக்கு வேறு ஊரில் பதினாலு மாதப் பயிற்சி கிடைத்திருந்தது. நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவள் போனால், மகளுக்காக இவன் தினமும் நாலு மணிக்கு வீட்டில் இருந்தாக வேண்டும். ஆறு நாளாக "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று நழுவிக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் எட்டாவது தடவையாகக் கதவு அவள் தலையில் விழுந்தது. அவள் பாதி தாண்டும்போதே, அடுத்து என்ன இருக்கிறதென்று பார்க்க இவன் பலகையை விட்டு ஓடியிருந்தான்.

"ஒரு நிமிஷம் நிக்க மாட்டீங்களா?"

"நீ தாண்டிட்டேன்னு நெனச்சேன்."

"உங்க கூட்டாளி லிஃப்ட் குழிக்குள்ள இறங்கினா, மெயின் சுவிட்ச் பக்கத்துல என்ன பண்ணுவீங்க?"

"நிப்பேன். எவனாவது ஆன் பண்ணிட்டா உள்ள இருக்கிறவன் காலி."

"எவ்ளோ நேரம்?"

"அவன் மேல வர்ற வரைக்கும்."

"அப்ப நிக்கத் தெரியும். எனக்காகத்தான் நிக்க மாட்டீங்க."

அவனுக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் மூன்று மணி நேரம் தண்ணிகூடக் குடிக்காமல் அப்படி நின்றிருந்தான். வெட்கமாக இருந்தது. மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினான்.

பலகை மேல் நின்றான். அவள் கதவைத் தாண்டி, ஒவ்வொரு மேடையாகத் தட்டிப் பார்த்துப் போனாள். அவசரமே இல்லை. அவன் முழங்கால் ஆட ஆரம்பித்தது. நாலு மணி, வீட்டுப்பாடம், பள்ளிக்கூட யூனிஃபார்ம், பதினாலு மாதம். நினைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் நகர்த்தும் பொத்தானைத் தொடவில்லை.

"போயிட்டு வா," என்றான்.

"போய்க்கிட்டுத்தானே இருக்கேன்."

"இதுல இல்ல. பயிற்சிக்கு. நாலு மணிக்கு நான் வந்துடறேன்."

அவள் விளையாடுவதை நிறுத்திவிட்டு, திரையைப் பார்க்காமல் அவனுடைய முழங்காலைப் பார்த்தாள்.

"பாதியில ஓடிட மாட்டீங்களே?"

"இப்பவே ஓடணும் போலதான் இருக்கு," என்றான். "நீ போ."