அக்காவின் நொடிக் கொப்பியும் நான் எழுதிய பதிலும்

அக்காவின் முப்பத்தோராம் நாள் நினைவாக வெளியிடும் இந்த மலரில் அவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி உறவினர்கள் என்னைக் கேட்டார்கள். உடன்பிறந்தவர்களில் ஊரில் இருப்பவன் நான் ஒருவன்தான். கடைசி மாதங்களில் அவர் அருகில் இருந்தவனும் நான்தான். எழுதுகிறேன், ஆனால் ஒரு வரியும் வெட்டக்கூடாது என்று சொன்னேன். லண்டனில் இருக்கும் தங்கைக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணை, செத்தவீட்டுப் புத்தகத்திலை உதுகளை ஏன் எழுதுறியள்? ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்றார். ஆட்கள் கதைக்கட்டும். நான் அதற்குத் தயாராகத்தான் எழுதுகிறேன்.

அக்கா சாவகச்சேரிக்கு அண்மையில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஐயாவுக்கு வயல். அம்மாவுக்கு இழுப்பு வருத்தம், மூச்சு வாங்கும். அதனால் பதினொரு வயதிலேயே அடுப்படி அக்காவின் பொறுப்பாகிவிட்டது. வகுப்பில் கணக்குக்கு அவர்தான் முதலாவது. இருந்தும் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தினார். அதைப் பற்றி அவர் யாரையும் குறை சொன்னதில்லை, நான் சொல்கிறேன். ஒருவரைத்தான் படிக்கவைக்கலாம் என்ற நிலை வந்தபோது வீட்டில் என்னைத் தெரிந்தெடுத்தார்கள். நான் படித்து பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக வந்தேன். அவர் படித்திருந்தால் எங்கே இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. டிப்போவில் இருந்திருக்க மாட்டார்.

அக்காவுக்கு இணுவிலில் திருமணம் நடந்தது. அத்தான் தோட்டம் செய்பவர், அதிகம் பேசாதவர். ஒரே மகன். அந்தப் பிள்ளைக்கு நாலு வயதாக இருக்கும்போது ஊரே இடம்பெயர்ந்தது. வீட்டைப் பூட்டித் திறப்பை, அதாவது சாவியை, அக்கா தாலிக்கொடியில் முடிந்துகொண்டு, மூவரும் மழைக்குள் நடந்து எங்கள் தாய்வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு அறை வீட்டில் அப்போது முப்பது பேருக்கு மேல் இருந்தோம். பிள்ளை பொழுதுபட்டால் வீட்டுக்குப் போவோம் என்று அழுவான். அந்த அழுகையை நிறுத்தத்தான் அக்கா நொடி போடத் தொடங்கினார். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: விடுகதையைத்தான் நாங்கள் நொடி என்போம்.

"வயித்துக்குள்ளை காலை விட்டுச் சுத்தினாலும் கத்தாத ஆள் ஆர்?" என்பார். பிள்ளை அழுகையை விட்டுவிட்டு யோசிப்பான். ஆட்டுக்கல். "குனியேக்கை வெறுங்கை, நிமிரேக்கை நிறைகை. ஆர் அது?" கிணற்றுத் துலா. "வெளியிலை போகேக்கை என்னோடை வரும், திரும்பி வரேக்கை எனக்கு முன்னாலை உள்ளை போகும்." திறப்பு. திறப்பைத் தவிர எல்லா விடையும் இணுவில் வீட்டில் விட்டுவந்த பொருட்களாகவே இருக்கும். "வீட்டை போனவுடனை ஒவ்வொண்டாய்த் தொட்டுப் பார்க்கவேணும், சரியோ?" என்று முடிப்பார். கையால் தொட முடியாத எதையும் அவர் விடையாக வைத்ததில்லை. பின்னாளிலும் அந்த விதியை அவர் மாற்றவில்லை.

அந்த இடம்பெயர்விலேயே அத்தான் காய்ச்சலில் போய்விட்டார். என்ன காய்ச்சல் என்று சொல்ல ஒரு டொக்டர் இருக்கவில்லை. அக்காவுக்கு அப்போது முப்பது வயதும் ஆகவில்லை. ஊர் திரும்பலாம் என்ற அறிவித்தல் வந்ததும் மகனையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீட்டுக்குக் கூரையும் இல்லை, கதவும் இல்லை, துலாவும் இல்லை. பிள்ளை ஓடிப்போய் ஆட்டுக்கல்லைத் தொட்டுவிட்டு, மிச்ச விடைகள் எங்கே என்று கேட்டான். அக்கா கையில் திறப்பை வைத்துக்கொண்டு நின்றார். அன்று ஒரு நாள்தான் அவர் வாய்விட்டு அழுததை நான் கண்டேன்.

பிறகு இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தும், மத்தியானத்தில் தைத்தும் மகனை ஆளாக்கினார். அந்த ஆண்டுகளைப் பற்றி நிறைய எழுதலாம். விடிய மூன்று மணிக்கு எழும்புகிறவரிடம் சலிப்பு இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அவரிடம் அது இருக்கவில்லை, பகிடி இருந்தது. தைத்த சட்டை பிழையாகிவிட்டது என்று யாராவது கொண்டுவந்தால், "சட்டை சரி, நீதான் கொழுத்துப்போட்டாய்" என்று சொல்லிவிட்டு, ஒரு சதமும் வாங்காமல் திருத்திக் கொடுப்பார்.

அக்காவின் மகன், என் மருமகன், கனடாவுக்குப் போய் ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே அவருடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. முடியும்வரை அவர் அந்த நாட்டை விட்டு வெளிக்கிட முடியாது. வெளிக்கிட்டால் திரும்ப முடியாது. அவர் போன மறுவாரமே கைத்தொலைபேசியில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு குழுவைத் தொடங்கித் தன் அம்மாவையும் சேர்த்துவிட்டார். மற்றவர்கள் பூப்படமும் காலை வணக்கமும் போட, அக்கா நொடி போட்டார். விடிய ஆறு மணிக்குக் கேள்வி, பின்னேரம் ஆறு மணிக்கு விடை. நேரக்காப்பாளராக இருந்த நானே அந்த ஒழுங்கைப் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன்.

"முற்றத்திலை ஆடும் கோழியும் நிக்குது. தலை பத்து, கால் இருபத்தாறு" என்று ஒருநாள் போட்டார். ஆடு மூன்று, கோழி ஏழு என்று கண்டுபிடிப்பதற்குள் லண்டன் பிள்ளைகள் தங்களுக்குள் சண்டை பிடித்துவிட்டார்கள். இன்னொரு நாள் எழுத்து விளையாட்டு: "நாலெழுத்து, தண்ணியிலை மிதக்கும். முதல் ரண்டெழுத்தை எடுத்தால் வாய்க்குள்ளை இருக்கும். நடு ரண்டெழுத்தை எடுத்தால் தண்ணியிலை தாழும்." விடை கப்பல், பல்லும் கல்லும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அக்காவின் விதியை அறிந்த தங்கை, கப்பலை எப்படித் தொடுவது என்று மடக்கப் பார்த்தார். "காங்கேசன்துறைக்கு பஸ் ஓடுது தானே, தம்பியைக் கேள், நேரம் சொல்லுவான்" என்று அக்கா எழுதினார். நாள் தவறாமல் முதல் விடை மருமகனிடமிருந்துதான் வரும். வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றுவதற்கு முன்னரே எழுதுவாராம். நொடி வந்தால் அம்மா சுகமாக இருக்கிறார் என்று அவருக்கு விளங்கும்.

இந்த ஆண்டு தை மாதம், சோறு விழுங்கும்போது நெஞ்சில் தடக்குகிறது என்றார் அக்கா. ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "வருத்தம் எனக்குத்தானே, எனக்குச் சொல்லுங்கோ டொக்டர்" என்றபடி அக்காவும் பின்னால் வந்துவிட்டார். உணவுக்குழாயில் புற்றுநோய். வெட்டி எடுக்கும் கட்டம் கடந்துவிட்டது. இதைக் கேட்டபோது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில்தான் என்னோடு கதைத்தார்.

"பிள்ளைக்குச் சொல்லக்கூடாது."

"அக்கா, பிறகு அவன் எங்களை ஏசுவான்."

"ஏசட்டும். அறிஞ்சால் எல்லாத்தையும் விட்டிட்டு வந்திடுவான். வந்து என்னை என்ன செய்யப்போறான்? கொள்ளி வைக்க நீ இருக்கிறாய் தானே."

வீட்டுக்கு வந்ததும் தன் அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். ஒரு பக்கம் நொடி, எதிர்ப்பக்கம் விடை. போட்டு முடிந்தவற்றுக்குக் குறுக்கே கோடு இழுத்திருந்தார். "நான் ஆஸ்பத்திரியிலை கிடந்தால் இதிலை இருக்கிறதைப் போடு. ஆறு மணிக்குப் போடு, பிந்தினால் பிள்ளை யோசிப்பான். இன்னும் நாப்பத்தெட்டு இருக்கு, போதும். கொப்பி முடியிறதுக்கு முன்னம் நான் போயிடுவன்" என்றார். கணக்கில் பிழைவிடாத அக்கா அந்தக் கணக்கில் மட்டும் பிழைவிட்டார்.

பங்குனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவருடைய போன் என்னிடம் வந்தது. அக்காவின் குரல் கரகரத்துப் போனதால் மகன் கேட்டால் பிடிபட்டுவிடும். போனில் மைக் பழுது, எழுத்து மட்டும்தான் போகும் என்று அறிவித்தோம். மருமகன் என்னுடைய போனுக்கு அழைப்பார். அம்மா கோயிலுக்குப் போய்விட்டா என்பேன். அந்த நாட்களில் நான் அக்காவை அனுப்பாத கோயில் இல்லை. பிள்ளை எல்லாவற்றையும் நம்பினார், ஏனென்றால் விடிய ஆறு மணிக்கு அம்மாவின் நொடி வந்துகொண்டிருந்தது.

கொப்பி முடிந்தது. அக்கா முடியவில்லை.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. கொப்பி தீர்ந்துவிட்டது, நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள் என்று ஒரு நோயாளியிடம் எப்படிச் சொல்வது? சொல்லியிருந்தால் படுத்தபடியே புதிதாகப் பத்து நொடி சொல்லியிருப்பார் என்பது இப்போது விளங்குகிறது. அன்று விளங்கவில்லை. அடுத்த நாள் விடிய, வார்ட் யன்னலுக்கு வெளியே விறாந்தையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து நானே ஒன்று எழுதினேன். பல நாள் கண் மூடாதவனுக்கு வேறு என்ன வரும்? "கூப்பிடக் கூப்பிட வராது. வேண்டாமெண்ட நேரம் வந்து கண்ணிலை ஏறும். அது என்ன?" சரியாக ஆறு மணிக்குப் போட்டேன்.

தங்கை முதலில் எழுதினார்: நித்திரை. பாரிஸ் உறவினர்களும் அதையே எழுதினார்கள். மருமகன் குழுவில் எழுதாமல் அம்மாவுக்குத் தனியாக எழுதினார். "அம்மா, நித்திரையை எப்பிடித் தொடுறது? இது நீங்கள் எழுதினதோ? என்ன நடந்தது? கதையுங்கோ அம்மா." வாசித்து முடிப்பதற்குள் போன் அடித்தது. அவர் படம் திரையில் தெரிந்தது. நான் எடுக்கவில்லை. அது அடித்து ஓயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பதில் எழுதினேன். "ஓம் ராசா, அம்மாவுக்கும் வயது போகுது தானே. புதுவிதமாய் ஒண்டு எழுதிப் பார்த்தனான். மைக் இன்னும் திருத்தேல்லை." ராசா என்பது இந்த உலகத்தில் அக்கா ஒருவர் மட்டும் அவரை அழைத்த சொல். அதை எடுத்து எழுத என் விரல் கூசவில்லை. சிறிது நேரத்தில் பதில் வந்தது. "சரி அம்மா. மருந்துக் குளிசையளை நேரத்துக்குப் போடுங்கோ." நான் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அக்காவின் கட்டிலடிக்குப் போனேன்.

அதன்பின் கவனமாக எழுதினேன். சீப்பு, உப்புப் போத்தல், செருப்பு, குத்துவிளக்கு. எல்லாம் தொடக்கூடியவை. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் விடை எழுதினார், பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் விடிய, ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னதாக, அக்கா எங்களை விட்டுப் பிரிந்தார். ஆறு மணிக்கு நான் ஒன்றும் போடவில்லை. ஆறு பத்துக்கு அவருடைய போனில் ஒரு செய்தி வந்தது. "அம்மா, இண்டைக்கு நொடி எங்கை?" அப்போதுதான் என் போனை எடுத்து அவரை அழைத்தேன்.

இறுதிக் கிரியையை மருமகன் கைத்தொலைபேசித் திரையில் பார்த்தார். கொள்ளி நான் வைத்தேன். எட்டாம் நாள் அவர் அழைத்தார். அழவில்லை, சத்தம் போடவில்லை. "மாமா, நித்திரை எண்டு நொடி வந்த நாள், அம்மாவாலை கதைக்க ஏலுமாயிருந்ததோ?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லைத் தம்பி. அதுக்கு முன்னமே குரல் போயிட்டுது" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை. குழுவிலிருந்தும் விலகிவிட்டார். எந்த வழக்குக்காக அக்கா இவ்வளவையும் தாங்கினாரோ, அந்த வழக்கு மீண்டும் தள்ளிப்போடப்பட்டிருக்கிறது என்று தங்கை மூலம் அறிந்தேன். அதைக் கேட்டபோது எனக்கு வந்தது கவலை இல்லை, கோபம். யார்மீது என்று சொல்லத் தெரியவில்லை. அக்கா மீதும் வந்தது. அதையும் இங்கே எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் பொய்யாகிவிடும்.

இனி எங்கள் கடமை நன்றி கூறுவது. அக்காவை முகம் சுளிக்காமல் பராமரித்த வைத்தியருக்கும் தாதியருக்கும், நினைத்த நேரமெல்லாம் வாகனம் கொண்டுவந்த இணுவில் அயலவருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி காய்ச்சி அனுப்பிய வீட்டினருக்கும், பாடை கட்டியும் பந்தலிட்டும் சமைத்தும் தோள் கொடுத்தவர்களுக்கும், தொலைவிலிருந்து துயர் பகிர்ந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. நாள்தோறும் நொடிக்கு விடை எழுதிய எல்லோருக்கும் தனியாக நன்றி சொல்லவேண்டும். அவற்றைப் பின்னேரங்களில் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பிழையான விடைகளுக்குத்தான் அவர் அதிகம் சிரித்தார்.

மருமகனுக்கு நன்றி சொல்ல எனக்கு முகமில்லை. அவருக்கு நான் கொடுக்க வேண்டியது வேறு. தம்பி, எட்டாம் நாள் நீர் கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். அம்மாவால் அன்று கதைக்க முடிந்தது. அதன்பின் ஐந்து நாளும் கதைத்தார். உம்முடைய அழைப்பு ஓய்ந்து நான் கட்டிலடிக்குப் போனபோது, அம்மா கண் விழித்திருந்தார்.

"போன் அடிச்சது பிள்ளையோ?" என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன்.