ரீமாடல் செய்யப்படும்

சாலைக் கடைத்தெருவின் துணிக்கடைகளுக்குப் பின்னால் ஓடும் சந்தில் சுசீலாபாய் தையல்கடை வைத்தபோது, பலகையில் "ஆல்டர் செய்யப்படும்" என்பதற்குக் கீழே "ரீமாடல் செய்யப்படும்" என்றும் எழுதச் சொன்னாள். எதிர்க்கடைத் தையல்காரர் கோலப்பனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே பிள்ளே?"

"ஒண்ணு இல்ல அண்ணாச்சி. இடுப்பைப் பிடிச்சா, நீளத்தைக் குறைச்சா ஆல்டர். தையல் பூராவும் பிரிச்சு, வெறும் துணியாக்கி, வேற உருவமா எடுத்தா ரீமாடல்."

மார்த்தாண்டத்து மிஷன் தையல்வகுப்பில் அவள் கற்ற சொல் அது. கை நீளத்தைக் குறைக்க வந்தவர்கள் பெருமைக்கு ரீமாடல் என்றால், "அது ஆல்டர்" என்று திருத்தி அனுப்புவாள். ஆனால் அந்தப் பெரிய வேலையைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

யுத்தத்தில் துணி கிடைக்காமல் போன வருஷம் வேதமாணிக்கம் வந்தான். வக்கீலாகச் சேரப் போகிறவன். கறுப்புக் கோட்டு வேண்டும். கையில் இருந்தது காலமான அப்பாவின் நீளக்கோட்டு. முழங்கால்வரை இறங்குவது, வெயில் பட்டுப் பச்சை பாய்ந்தது. சுசீலாபாய் உள்துணியை விலக்கினாள். துணியின் மறுபுறம் மை போலக் கறுப்பு.

கோலப்பன் எட்டிப் பார்த்தார். "திருப்பித் தைச்சா இடது நெஞ்சுப்பை வலதுபக்கம் வந்துருமே! பழைய கோட்டுன்னு கோர்ட்டே சிரிக்கும். பலகையைக் கழத்திர வேண்டியதுதான், கேட்டியா?"

"அந்தப் பை தெரிஞ்சா நானே கழத்திப்போடுதேன்."

வேதமாணிக்கம் கோட்டைக் கையிலிருந்து விடவில்லை. "அக்கா, அப்பா நெனப்புக்கு உள்ளது இது ஒண்ணுதான். கெட்டுப்போச்சுன்னா..."

"திருப்பினா மட்டும் போதாது தம்பி. வெட்டணும். சம்மதம்னா வச்சிட்டுப் போ."

அவன் வைத்துவிட்டுப் போனான்.

தையலை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியை நனைத்து, தேய்த்து, வெட்டுமேசையில் விரித்தாள். அப்பா பருமன், மகன் ஒல்லி. முதுகுத்துணி இரண்டிலும் ஒரு வெட்டுக்கூட இல்லை. அவை மகனின் கோட்டுக்கு முன்பக்கமாகும். பழைய முன்பக்கத்தில் பைக்குக் கீழே முழங்கால்வரை நல்ல துணி, அது முதுகாகும். சோக்கால் கோடு போட்டு, அழித்து, மறுபடி போட்டாள். கத்தரியை எடுத்து வெட்டினாள்.

வேதமாணிக்கம் போட்டுப் பார்க்க வந்த அன்று கோலப்பன் முன்னும் பின்னும் சுற்றிவந்து, நெஞ்சின் இரண்டு பக்கமும் விரலால் தடவினார். இடதுபக்கம் புதுப்பை இருந்தது. வலதுபக்கம் வழவழவென்றிருந்தது.

"பழைய பை எங்க பிள்ளே?"

"துண்டுச்சாக்குல கெடக்கு."

"கொள்ளாம், நல்லாருக்கு," என்றார் கோலப்பன்.

மறுவாரம் ஒரு அம்மாள் ரவிக்கையோடு வந்தாள். "கொஞ்சம் இறுக்கமா இருக்கு. ரீமாடலுன்னா உங்க கடைதான்னு எதிர்க்கடையில சொன்னாரு."

சுசீலாபாய் வாசலுக்கு வந்து, சந்து முழுதும் கேட்கும்படி குரல் கொடுத்தாள்:

"அண்ணாச்சி! இது ஆல்டர்! நீங்களே செய்யுங்க!"