கமலாவின் கோணல் ‘லா’

கீய்ய்ய்... கர்ர்ர்...

கேசட்டில் பதிந்த கம்ப்யூட்டர் ப்ரோக்ராம், டேப் ரெக்கார்டரில் ஓடும்போது வரும் சத்தம் இது. நண்பர்களே, உங்களில் சிலராவது கேட்டிருப்பீர்கள். எனக்கும் தனபாலுக்கும் அதுதான் சங்கீதம்.

இருவருக்கும் ஒரே பள்ளியில் வேலை. நான் கணக்கு, அவன் சயின்ஸ். எண்பதுகளில் அவன் மச்சான் வெளிநாட்டிலிருந்து ஒரு சின்ன கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். பள்ளி விட்டதும் பெங்களூர் தொம்மலூரில் தனபால் வீட்டு டிவியில் அதை இணைத்து உட்கார்ந்துவிடுவோம். அதற்குத் தமிழ் தெரியாது. நாங்கள்தான் கற்றுக்கொடுத்தோம்.

எப்படி என்றால்... கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல. ஓர் எழுத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டம் எரிய வேண்டும், எது அணைய வேண்டும் என்று கிராஃப் தாளில் கறுப்படிப்போம். அதை எண்ணாக மாற்றுவது நான், டைப் செய்வது அவன்.

செய்து முடித்த அன்று பதிய காலி கேசட் இல்லை. கையில் கிடைத்ததில் பதிந்துவிட்டான்.

அது அவர்களுடைய கல்யாண நாதஸ்வரக் கேசட்!

அவன் மனைவி கமலா விட்டாரா? “என் கல்யாண மேளத்து மேலயா இந்தக் கீச்சு கீச்ச பதிஞ்சீங்க? உங்களுக்கு மிஷின்தான் பொண்டாட்டி!”

“கோவப்படாத கமலா. முதல்ல டிவியப் பாரு.”

கறுப்புத் திரையில் வெள்ளையாக மூன்று எழுத்து. கமலா. நாங்கள் வரவைத்த முதல் தமிழ்ச் சொல்.

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். “‘லா’ கோணலா இருக்கு.”

“அடுத்த வாட்டி நேர் பண்றேன்.”

பல வருஷம் பரணில் கிடந்த அந்த கம்ப்யூட்டரைச் சமீபத்தில் இறக்கி ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். போன மாதம் ஒருநாள் போன் வந்தது. “வாத்தியாரே, மிஷினுக்கு உயிர் வந்துடுச்சு! ஞாயித்துக்கிழமை வா, கேசட்டப் போட்டுப் பாக்கலாம்.”

மறுநாள் காலை வாக்கிங் போனவன், பார்க் பெஞ்சில் உட்கார்ந்தபடியே போய்விட்டான்.

காரியமெல்லாம் முடிந்தபின் கமலா கூப்பிட்டார். “அவர் சொன்ன ஞாயித்துக்கிழமை போயிடுச்சு. நீங்களாவது போடுங்கண்ணா. ஒரு தரம் பாத்துடுறேன்.”

போனேன். பயம்தான். இருப்பது அந்த ஒரே கேசட். அறுந்தால் அதோடு போயிற்று.

போட்டேன். எரர். வால்யூமைக் கூட்டிப் போட்டேன். மறுபடி எரர். நாடா வேறு உள்ளே கிறீச்சிட்டது. எனக்கு வேர்த்துவிட்டது.

“ஸ்வல்ப... கொஞ்சம் இருங்கண்ணா.” கமலா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். “ஃபேன் போட்டுக்கிட்டு அவர் என்னைக்கு லோட் பண்ணாரு? எத்தன வெயில்ல என்னப் புழுங்க வெச்சாரு மனுஷன்!”

அடடா! அந்தப் பழைய ஃபேனின் இரைச்சல் ஒயர் வழியாகக் கேசட் சத்தத்தில் கலந்துவிடும். சந்தைக்கு நடுவில் நின்று போன் நம்பர் சொல்வது போல... ஓர் எண் தவறினால் மொத்தமும் தவறு.

ரீவைண்ட் செய்து மறுபடி போட்டேன். தப்பிப் பிழைத்திருந்த துளி நாதஸ்வரம் முதலில் வந்தது. கமலா கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் கீய்ய்ய்... கர்ர்ர்... யாரும் அசையவில்லை.

சத்தம் நின்றது.

க... ம... லா.

“வந்துடுச்சு!” என்று கத்தியே விட்டேன். இந்த வயதில் எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

இன்று போனில் ‘கமலா’ என்று தட்டினால் கண்ணிமைப்பதற்குள் வருகிறது. நல்ல நேராக, அழகாக வருகிறது. அதற்கு யாரும் கை தட்டுவதில்லை.

கமலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார்.

“இன்னும் கோணலாத்தான் இருக்கு” என்று சிரித்தார். “நீங்க நேர் பண்ணிடாதீங்கண்ணா.”